எண்ணை எழுதும் கை

ஆண்டுக்கொரு தொகுதியாக டில்லிப் பட்டணத்திலிருந்து ஒரு நூல் வருகிறது. கதையல்ல, கவிதையல்ல, காவியமுமல்ல. பக்கம் பக்கமாக எண்கள். எண்களுக்கு மேல் தலைப்புகள். தலைப்புகளுக்கு மேல் அரசின் முத்திரை. ‘இந்தியாவில் குற்றங்கள்’ என்பது அந்நூல். 1953ஆம் ஆண்டின் கணக்கோடு தொடங்கிய வரிசை அது. 1986இல் நிறுவப்பட்ட தேசியக் குற்றப் பதிவுப் பணியகம் அதைத் தொகுத்து வெளியிட்டு வருகிறது.

காவியங்களைப் படிப்போர் தொகை குறைந்துகொண்டே போகிறது. இந்த நூலையோ, படிக்காதவர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள்! நூல் வெளிவந்த மறுநாள் நாளேடுகளின் தலைப்புகள் முழங்குகின்றன — இந்த மாநிலம் முதலிடம், அந்த நகரம் மூன்றாமிடம், குற்றம் பெருகிவிட்டது, ஒழுக்கம் ஒழிந்துவிட்டது என்று. ஆளுங்கட்சி ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டுகிறது; எதிர்க்கட்சி இன்னொரு பக்கத்தைப் புரட்டிக் காட்டுகிறது. புரட்டுவோர் இருவர், படிப்போர் எவர்?

“புள்ளிவிவர நூலுக்கு இலக்கிய ஏட்டிலே என்ன வேலை?” என்று தோழர்கள் கேட்கக்கூடும். நல்லவன் இன்னான், தீயவன் இன்னான் என்று பாத்திரம் படைத்துக் காட்டும் எந்த நூலும் திறனாய்வுக்கு உரியதே. புராணங்களைப் பார்த்து, “இதை எழுதியவன் யார்? எவனை அரக்கனாக்கினான்? ஏன் ஆக்கினான்?” என்று கேட்டவர்கள் நாம். ஏட்டில் இருக்கிறது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்று ஊரூராகச் சொன்னவர்கள் நாம். சுவடியில் இருந்தால் கேள்வி கேட்போம், அரசு அச்சகத்தில் அச்சிட்டால் கைகட்டி நிற்போம் என்றால், அது பகுத்தறிவாகாது, பாதி அறிவுதான்.

நான் பதிவேட்டோடு பழகும் தொழிலைச் சேர்ந்தவன், பள்ளி ஆசிரியன். வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவனின் பெயருக்கு நேரே நான்கு நாள் தொடர்ந்து ‘வரவில்லை’ என்று குறிக்கிறேன். அது பொய்யல்ல. ஆனால் அவன் காய்ச்சலில் கிடந்தானா, அம்பத்தூர்ப் பட்டறையொன்றில் கூலிக்கு நின்றானா, துவைத்த ஒரே சீருடை காயவில்லையா — பதிவேடு சொல்லாது. பதிவேடு கேட்காத கேள்விக்குப் பதிவேட்டில் விடை இராது. குற்றப் பதிவேடும் அவ்வாறே. அது நாட்டில் நடந்த குற்றத்தை அளப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. உண்மையில் அது அளப்பது, குற்றம் என்று எழுதிய கையை. இதுவே இந்நூலைப் பற்றி நான் சொல்ல வந்தது.

சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். பாண்டியன் நெடுஞ்செழியன் அவையில் குற்றப் பதிவேடு ஒன்று இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் அன்று என்ன எழுதியிருப்பார்கள்? ‘களவு — ஒன்று. களவுபோன பொருள் — அரசியின் சிலம்பு. குற்றவாளி — புகாரிலிருந்து வந்தவன், பெயர் கோவலன். பொருள் மீட்கப்பட்டது. தண்டனை நிறைவேற்றப்பட்டது.’ எத்துணை நேர்த்தியான பதிவு! கண்டுபிடித்த விகிதம் நூற்றுக்கு நூறு! உண்மைக் கள்வனாகிய பொற்கொல்லனோ அந்த ஏட்டில் சான்று சொன்னவன். ஆராயாமல் நிறைவேற்றிய கொலையோ அந்த ஏட்டில் குற்றமே அல்ல, நீதி! கண்ணகி என்றொருத்தி அவைக்கு வந்து சிலம்பை உடைத்திராவிட்டால் மதுரையின் குற்றக் கணக்கு பழுதற்ற கணக்காகவே நின்றிருக்கும். கண்ணகி வராத வழக்குகள் எத்தனை என்பதே நம் கேள்வி.

அளப்பதற்கு முன் பெயரிட வேண்டும். எதைக் குற்றம் என்பது? தீச்செயலெல்லாம் குற்றம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சட்டம் எதைக் குற்றம் என்று பெயரிட்டதோ அதுவே குற்றம். சட்டத்தை எழுதியவன் எவன் என்பதைப் பொறுத்தது அந்தப் பெயர்.

வைக்கத்தை நினையுங்கள். 1924இல் திருவிதாங்கூர் நாட்டின் அந்த ஊரில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது என்பது ஆட்சியின் கட்டளை. நாய் நடக்கலாம், பன்றி நடக்கலாம், மனிதன் நடந்தால் சிறை. அந்தத் தெருவில் நடக்கும் உரிமை கேட்ட பெரியார் இருமுறை சிறைப்பட்டார். முப்பதாண்டுக்குப் பின், 1955இல், தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதன்பின் நடப்பவன் குற்றவாளியல்லன். நடக்கவிடாமல் தடுப்பவன் குற்றவாளி! தெரு அதே தெரு. கால்கள் அதே கால்கள். மாறியது ஒன்றே — சட்டத்தை எழுதிய கை. 1924ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்க் குற்றக் கணக்கை ஒருவர் எடுத்துப் படித்தால், வைக்கத்தில் ‘குற்றம்’ பெருகியதாகத்தான் காண்பார். பெருகியது குற்றமா? மானம்!

இதற்கு முந்திய காலத்தில் நிலைமை இன்னும் வெளிப்படை. மனுவின் நூலில் குற்றத்துக்குத் தண்டனை வேண்டுமானால், செய்ததென்ன என்று கேட்டால் போதாது. செய்தவன் எந்த வருணம், எவனுக்குச் செய்தான் என்றும் கேட்டாக வேண்டும். ஒருவனுக்கு உயிர்போகும் தண்டனை என்றால், அதே செயலுக்கு இன்னொருவனுக்குத் தலைமுடி போனால் போதும்! 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம், மெக்காலே வகுத்த வரைவிலிருந்து பிறந்தது. வெள்ளையன் ஆட்சியின் சட்டம். என்றாலும் செயலுக்கே தண்டனை, சாதிக்கல்ல என்று தாளிலாவது எழுதியது. அந்த அளவுக்கு அது முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் அதே வெள்ளையன் பதினோராண்டுக்குள் தன் கையாலேயே அதை மறுத்தெழுதினான். 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது. களவு செய்தவன் கள்வன் என்பது போய், இன்ன குடியில் பிறந்தவன் கள்வன் என்று ஆயிற்று. தாயின் வயிற்றிலிருந்து வெளிவருவதே முதற்குற்றம்! 1911இல் திருத்தி எழுதப்பட்ட அச்சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிரமலைக் கள்ளர், குறவர் எனப் பல குடிகளின் ஆண்கள் கைரேகை பதிக்க வேண்டும். இரவில் காவலரின் கண்ணெதிரே இருக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் போக இராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். வாங்காமல் போனால்? அது குற்றம்! குற்றவாளி எனப் பெயரிட்டார்கள், பெயரிட்டதனால் ஒரு விதி, விதியை மீறியதனால் ஒரு வழக்கு, வழக்கு பெருகியதனால், “பார்த்தீர்களா, இவர்கள் குற்றப் பரம்பரைதான்!” என்று ஒரு சான்று. தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பைப் போன்றது இந்தக் கணக்கு.

1920 ஏப்ரல் 3ஆம் நாள். உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்து நின்ற மக்கள்மேல் துப்பாக்கிகள் வெடித்தன. மாயக்காள் என்னும் பெண்ணையும் சேர்த்துப் பதினாறு பேர் மாண்டனர். இந்தப் பதினாறு சாவுகள் அன்றைய ஏட்டில் கொலைகளாக ஏறவில்லை. மறுத்து நின்றவர்களின் ‘கலகம்’தான் ஏறியது. எண் எவ்வாறு பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

அறிவியலும் அன்று அரசுக்குத் துணை நின்றது. அறிவியல் என்ற பெயராவது நின்றது. இத்தாலியில் இலாம்புரோசோ 1876இல் குற்றவாளியைப் பிறவியிலேயே கண்டுகொள்ளலாம் என்று நூலெழுதி, மண்டையோட்டையும் தாடையையும் அளந்தார். நம் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் சாதிவாரியாக மூக்கை அளந்தார். அளவுகோல் பிழையற்றது, அளந்த எண்ணும் பிழையற்றது, அளக்கப் புகுந்த எண்ணமே பிழை! எண் இருக்கிறது என்பதற்காக அறிவு இருக்கிறது என்று கொள்ளலாகாது.

சென்னை மாகாணத்தில் 1947இலும், இந்தியா முழுமைக்கும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. நீங்கியதா? பெயர் மாறி, ‘வழக்கமாகக் குற்றம் புரிவோர்’ என்ற புதுச் சட்டங்கள் மாநிலந்தோறும் முளைத்தன. அண்மையில், 2024 அக்டோபர் 3ஆம் நாள்தான், சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை பகுக்கும் விதிகளையும், சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் விதிகளையும் உச்சநீதிமன்றம் செல்லாதவை என்று தள்ளியது. 1871ஆம் ஆண்டின் மை 2024 வரை காயவில்லை, தோழர்களே!

இனி அளக்கும் முறைக்கு வருவோம். டில்லி நூலின் எண்கள் எங்கிருந்து பிறக்கின்றன? வானத்திலிருந்தல்ல, காவல் நிலையத்து மேசையிலிருந்து. முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்டால் அது எண். எழுதப்படாவிட்டால் அது ஒன்றுமில்லை. நம் தமிழ்நாட்டில் புகாரோடு போகும் ஏழைக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ‘சி.எஸ்.ஆர்.’ என்னும் மனு ரசீது. அந்தச் சீட்டைப் பெற்றவர் வழக்குப் பதிவாயிற்று என்று நம்பி வீடு திரும்புகிறார். ஆனால் மனு ரசீது வேறு. முதல் தகவல் அறிக்கை வேறு. ரசீதோடு நின்ற புகார் டில்லி நூலின் எந்தப் பக்கத்திலும் இராது. கைது செய்தற்குரிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் அறிக்கை எழுதியே ஆகவேண்டும் என்று 2013 நவம்பரில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு இலலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு டில்லியில், மேசை நம் ஊரில்!

அறிக்கை எழுதியபின்னும் ஒரு சல்லடை உண்டு. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால், கடுமையானது எதுவோ அது மட்டுமே கணக்கில் ஏறும். ஒரு பெண்ணைக் கெடுத்துக் கொன்றால் அது கொலைக் கணக்கில் ஒன்று. வன்புணர்ச்சிக் கணக்கில் அவள் இல்லை. பிறகு மக்கள் தொகையால் வகுத்து, இலட்சம் பேருக்கு இத்தனை என்று விகிதம் சொல்கிறார்கள். எந்த மக்கள் தொகை? 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டில் நடவாமையால், 2011ஆம் ஆண்டின் தொகையிலிருந்து கணித்துப் பெற்ற மதிப்பீட்டால் வகுத்தார்கள். அம்பத்தூர், ஆவடிப் பக்கங்களில் ஏரிக்கரை வரை புது நகர்கள் எழுந்திருப்பதை அறிந்தோர், பத்தாண்டுக்கு முந்திய தலைக்கணக்கின் மதிப்பு எவ்வளவு என்பதையும் அறிவர்.

2020ஆம் ஆண்டின் தொகுதியைத் திறந்து பாருங்கள். முந்திய ஆண்டில் நாடு முழுவதும் 51 இலட்சத்துச் சொச்சமாயிருந்த குற்றங்கள் 66 இலட்சமாயின. தமிழ்நாட்டில் நாலரை இலட்சம் என்றிருந்தது 13 இலட்சத்தைத் தாண்டிற்று! தமிழன் ஓராண்டில் மும்மடங்கு கொடியவனாகிவிட்டானா? அதுவும், திருட்டும் வழிப்பறியும் குறைந்திருந்த ஆண்டில்? நடந்தது வேறு. கொரோனா ஊரடங்கில் அரசின் ஆணையை மீறியோர்மேல் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு பாய்ந்தது. நாடு முழுவதும் 29 ஆயிரமாயிருந்த அவ்வகை வழக்குகள் 6 இலட்சத்து 12 ஆயிரமாயின. வீதியில் நடந்ததும் வண்டியோட்டியதும் கடை திறந்ததும் குற்றமாயின. நோயைத் தடுக்க ஆணை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. எண் எப்படி ஏறியது என்பதையே சொல்கிறேன். வேடிக்கை அதோடு முடியவில்லை. 2021 பிப்ரவரியில், தேர்தல் நெருங்கிய வேளையில், ஏறத்தாழ 10 இலட்சம் ஊரடங்கு வழக்குகளைக் கைவிடுவதாக அன்றைய முதலமைச்சர் அறிவித்தார். ஆணையால் பிறந்த குற்றங்கள் அறிவிப்பால் மறைந்தன! எண் மட்டும் அச்சில் நிலைத்துவிட்டது.

அந்த ஆண்டிலேதான் சாத்தான்குளம். 2020 சூன் 19ஆம் நாள் செயராசும் அவர் மகன் பென்னிக்சும் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நேரங்கடந்து கடை திறந்தார்கள் என்பது அவர்கள்மேல் எழுதப்பட்ட குற்றம். மூன்று நான்கு நாளைக்குள் மகனும் தந்தையும் அடுத்தடுத்து மாண்டனர். முதலில் எழுதப்பட்ட ஏட்டில் அவர்களே குற்றவாளிகள். ஊர் கொதித்தெழுந்து, மதுரை உயர்நீதிமன்றக் கிளை தலையிட்ட பின்னரே, காவலர்கள்மேல் கொலைக்குற்றம் சாட்டி மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடுத்தது. கண்ணகி வந்தாள், ஆகையால் கணக்கு மாறிற்று.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 2012இல் நாடு முழுவதும் பதிவான வன்புணர்ச்சி வழக்குகள் 24,923. மறு ஆண்டில் 33,707. ஓராண்டில் ஆண்கள் அத்தனை கெட்டுப்போனார்களா? டில்லிப் பேருந்தில் ஒரு மாணவிக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்குப் பின் நாடு விழித்தது. 2013இல் சட்டம் திருத்தப்பட்டு, குற்றத்தின் இலக்கணமே விரிந்தது. வாய்மூடியிருந்த பெண்கள் வாய்திறந்தனர். மறுத்துவந்த மேசைகள் எழுதத் தொடங்கின. ஆகவே அந்த ஏற்றத்தைக் கேடு என்று மட்டும் படிப்பது தவறு. அதில் ஒரு பகுதி விடியலின் அடையாளம். பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் ஒன்றல்ல என்று பணியகமே தன் நூலின் முன்னே எச்சரித்திருக்கிறது. முன்னுரையைப் படிப்பார் இல்லை; முதலிடம் யாருக்கு என்பதைப் பார்ப்பார்தான் பலர்!

நம் வட்டாரத்துக்கு வருவோம். 2022 சனவரி முதல் ஆவடி தனிக் காவல் ஆணையரகமாகப் பிரிந்தது. தாம்பரமும் அன்றே பிரிந்தது. அம்பத்தூர் 2011இலேயே சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்ட ஊர். இன்று வரி கட்டும்போது அம்பத்தூரான் சென்னைக்காரன். வழிப்பறிக்கு ஆளானால் ஆவடிக்காரன்! எல்லைக்கோடு ஒரே இரவில் நகர்ந்தது; கள்வன் நகரவில்லை. எல்லையைப் பாராமல் 2021ஆம் ஆண்டின் சென்னை எண்ணையும் 2022ஆம் ஆண்டின் சென்னை எண்ணையும் அருகருகே வைத்து, குறைந்தது என்று மகிழ்பவரும் ஏமாளி. கூடியது என்று அழுபவரும் ஏமாளி.

பூந்தமல்லிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1991 மே 21இல் திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தியோடு பலரை மாய்த்த குண்டு வெடித்தது. கொடுங்கொலை அது, அதில் எவர்க்கும் ஐயமில்லை. ஐயம், எவரெவர் குற்றவாளி, எந்தச் சட்டப்படி குற்றவாளி என்பதில். பூந்தமல்லியில் தடாச் சட்டப்படி அமைந்த தனி நீதிமன்றம் 1998 சனவரி 28இல் இருபத்தாறு பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே மாதம் உச்சநீதிமன்றம், தடாச் சட்டம் சொல்லும் பயங்கரவாதக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள், ஏனைய பத்தொன்பது பேரும் கொலைக்குற்றத்திலிருந்து விடுதலை என்றது. அந்த எழுவரும் 2022இல் சிறையிலிருந்து வெளிவந்தனர். ஒரே நிகழ்ச்சி, ஒரே சான்றுக் கட்டு. இருபத்தாறு என்பது ஏழாயிற்று. முதலில் எழுதிய எண்ணையே முடிவான உண்மை என்று அன்று கொண்டிருந்தால், பத்தொன்பது உயிர்கள் கயிற்றில் தொங்கியிருக்கும். டில்லி நூலின் முதல் எண்ணோ, நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே, புகார் எழுதும் மேசையிலேயே எடுக்கப்படும் எண் என்பதை மறவாதீர்.

ஏட்டில் ஏறியவற்றைப் பார்த்தோம். ஏறாதவற்றைப் பார்க்க வேண்டாமா?

1955 சனவரியில் இதே ஆவடியில் காங்கிரசு மாநாடு கூடி, சமதருமப் பாங்கான சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அதற்கும் முன்பே, 1948இல், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. கூலிக்காரன் முதலாளியின் கைப்பையிலிருந்து ஐந்நூறு உரூபாய் எடுத்தால் களவு, கைவிலங்கு, டில்லி நூலில் ஓர் எண். முதலாளி நூறு கூலிக்காரரின் கூலியில் ஐந்நூறு ஐந்நூறாகப் பிடித்துக்கொண்டால்? அது தொழிலாளர் துறையின் கோப்பு, பேச்சுவார்த்தை, ஒத்திவைப்பு. 1964இல் திறந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளில், காப்புத் தகடு இல்லாத பிரஸ் இயந்திரத்தில் ஒருவனின் விரல் நசுங்கினால் அது விபத்து. தெருச்சண்டையில் அதே விரலை ஒருவன் வெட்டினால் அது கொடுங்காயக் குற்றம். விரலுக்கு இந்த வேற்றுமை தெரியுமா? அமெரிக்கச் சமூகவியலறிஞர் எட்வின் சதர்லாந்து 1939இலேயே இதைச் சுட்டி, மேல்தட்டார் தம் தொழிலின் வழியே செய்யும் குற்றங்களுக்கு ‘வெள்ளைச் சட்டைக் குற்றம்’ என்று பெயரிட்டார். ஏழையின் குற்றத்தை மட்டும் எண்ணிவிட்டு, வறுமையே குற்றத்தின் தாய் என்று முடிவுகட்டுவது என்ன ஆராய்ச்சி என்று அவர் கேட்டது இன்றும் பொருந்தும்.

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மூச்சுமுட்டி மாள்கிறவனை நினையுங்கள். கையால் மலம் அள்ளவைப்பது 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2013ஆம் ஆண்டுச் சட்டம், காப்புக் கருவியின்றிச் சாக்கடைக்குள்ளும் தொட்டிக்குள்ளும் இறக்குவதையும் குற்றமாக்கியது. 1993 முதல் இவ்வாறு மாண்டோர் பற்றி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில் தமிழ்நாடு முன்னே நிற்கிறது. ஆயினும் ஒவ்வொரு சாவின்போதும் ஏட்டில் ஏறும் சொல் பெரும்பாலும் ‘கவனக்குறைவால் மரணம்’. யாருடைய கவனக்குறைவு? அவனை ஏன் இறக்கினாய் என்ற கேள்வி போய், அவன் ஏன் இறங்கினான் என்ற கேள்வி வருகிறது. தலைமுறை தலைமுறையாக ஒரு சாதியையே தொட்டிக்குள் இறக்கிய சமுதாயம், தன் கொலையை விபத்துக் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

பெயரிடுவதில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதற்குத் தமிழே சான்று. சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளைப் பெற்றோரும் உற்றோரும் கொன்றபோது நாளேடுகள் ‘கௌரவக் கொலை’ என்று எழுதின. கொலையில் என்ன கௌரவம்? 2015இல் கோகுல்ராசு, 2016இல் உடுமலை சங்கர் என்று வரிசை நீண்டபோது, ‘ஆணவக் கொலை’ என்ற சொல்லைத் தமிழர் கையிலெடுத்து நிலைநாட்டினர். டில்லி நூலில் 2014ஆம் ஆண்டிலிருந்தே இதற்கென ஒரு வரிசை உண்டு. மோதல், முன்பகை, குடும்பத் தகராறு என்று எழுதும் மேசைகள் அந்த வரிசையை நிரப்புவது அரிது. 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, இதற்கெனத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஆணையம் அமைப்பதாக அறிவித்தது. சொல் முதலில் வந்தது. சட்டம் அதன்பின் நடக்கிறது. எழுத்தாளர்க்கும் பேச்சாளர்க்கும் இங்கே வேலை உண்டு என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

வீட்டுக்குள்ளே எட்டிப் பார்ப்போம். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். இந்திய அளவில் நூற்றுக்கு 29 பேர். இந்திய அளவில் வன்முறைக்கு ஆளான பெண்களில் எவரிடமாவது உதவி தேடியவர் நூற்றுக்கு 14 பேரே. அவர்களிலும் காவல் நிலையப் படி ஏறியவர் மிகச் சிலர். எஞ்சியோர் டில்லி நூலில் இல்லை. தமிழ்நாட்டு எண் உயர்ந்திருப்பதற்கு, நம் பெண்கள் ஒளிக்காமல் சொல்லத் துணிந்ததும் ஒரு காரணமாகலாம். இங்கும் அதே எச்சரிக்கை வேண்டும். கணவன் மனைவியை அவள் இசைவின்றிச் சேர்ந்தால் அது வன்புணர்ச்சியல்ல என்ற விலக்கு 1860இன் சட்டத்தில் இருந்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் தொடர்ந்தது. சட்டத்தின் பெயர் வடமொழியாயிற்று. பொருள் பழைய பொருளே!

“அப்படியானால் எண்களே பொய், குற்றமென்று ஒன்றில்லை, கணக்கைக் கொளுத்திவிடலாமா?” என்று கேட்பவர் உண்டு. அன்று. கொலை மெய், களவு மெய், அறுபட்ட தாலிச்சங்கிலியோடு நிற்கும் மூதாட்டியின் கண்ணீர் மெய். எல்லா எண்ணும் பொய் என்பவன், எழுத மறுத்த மேசைக்கே துணைபோகிறான். பிணத்தை ஒளிப்பது கடினமாகையால் கொலைக் கணக்கு ஓரளவு நம்பத்தக்கது. வீட்டுக்குள் நடப்பதைப் பற்றிய கணக்கு மிகக் குறைவாகவே நம்பத்தக்கது. ஒவ்வோர் எண்ணுக்கும் அதற்குரிய மதிப்பைக் கொடுப்பதுதான் அறிவு. பிரெஞ்சு நாட்டு நீதிமன்றக் கணக்குகளை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் கெத்தலே, தெரிந்த குற்றத்துக்குப் பின்னால் தெரியாத குற்றம் ஒன்று எப்போதும் நிற்கிறது என்று 1830களிலேயே உணர்ந்திருந்தார். அந்த இருளில் விளக்கேற்றும் வழியையும் உலகம் கண்டிருக்கிறது. அமெரிக்காவில் 1973 முதலும், பிரிட்டனில் 1982 முதலும், காவல் நிலையத்தைக் கேட்காமல் வீடுவீடாகச் சென்று, “உங்களுக்கு என்ன நேர்ந்தது? புகார் செய்தீர்களா? ஏன் செய்யவில்லை?” என்று மக்களையே கேட்கும் ஆய்வுகள் நடந்துவருகின்றன. இந்தியாவில் அப்படியோர் ஆய்வை ஆண்டுதோறும் அரசு நடத்துவதில்லை. நடத்தக் கேட்க வேண்டும்.

இது ஏட்டுச் சண்டையல்ல. எங்கள் பகுதியில் சில தெருக்களின் பெயரைச் சொன்னாலே, “ஓ, அந்தத் தெருவா?” என்று புருவம் உயர்கிறது. அந்தத் தெருவில் இரவுச் சோதனை மிகுதி. சோதனை மிகுதியாகையால் வழக்கு மிகுதி. வழக்கு மிகுதியாகையால் சோதனை இன்னும் மிகுதி. காவல் நிலையத்தில் ‘ரவுடிப் பட்டியல்’ என்றொரு ஏடு இருக்கிறது. அதில் பெயர் ஏற நீதிமன்றத்தின் தீர்ப்பு கட்டாயமில்லை. ஒருமுறை ஏறிய பெயர் எளிதில் இறங்குவதுமில்லை. தேர்தலோ திருவிழாவோ வந்தால் அந்தப் பெயர்கள் முதலில் அழைக்கப்படுகின்றன. தந்தையின் பெயர் ஏட்டில். மகன் என் வகுப்பில். வேலைக்குப் போகும் நாளில் முகவரியைச் சொல்லத் தயங்கும் அந்தப் பிள்ளைக்கு, 1871 நீங்கிவிட்டது என்று நான் எந்தப் பாடப்புத்தகத்தைக் காட்டி மெய்ப்பிப்பேன்?

ஆகவே, தோழர்களே, அடுத்த தொகுதி வெளிவந்து தலைப்புகள் முழங்கும் நாளில் நான்கு கேள்விகளைக் கையில் வைத்திருங்கள். இதைக் குற்றம் என்று பெயரிட்டவர் யார்? இதை எழுதியவர் யார். எழுத மறுக்கப்பட்டவர் யார்? எல்லையோ சட்டமோ இடையில் மாறியதா? வேறு ஏட்டில் ‘விபத்து’ என்று ஒதுங்கிய குற்றம் எது? இந்த நான்குக்கும் விடை தெரியாமல் ஓர் இனத்தையோ தெருவையோ மாநிலத்தையோ பழிக்க வாய் திறப்பவரை, மேடையிலே நிறுத்திக் கேளுங்கள்.

கேட்டதோடு நில்லாதீர். மன்றம் வைத்திருக்கிறீர்கள், படிப்பகம் வைத்திருக்கிறீர்கள். அங்கே வாரத்தில் ஒரு மாலை, புகார் எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக்கொடுக்க ஒரு மேசை போடுங்கள். கூலி பறிகொடுத்தவரும், கணவனிடம் அடிபட்டவரும், தொட்டியில் மகனைப் பறிகொடுத்தவரும் வருவர். காவல் நிலையம் வரை உடன் செல்லுங்கள். மனு ரசீதோடு திரும்பாமல், முதல் தகவல் அறிக்கையின் நகலோடு திரும்பச் செய்யுங்கள்; அந்த நகல் விலையின்றிக் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். அப்படிச் செய்தால் அந்த ஆண்டு ஆவடியின் எண் ஏறும். நாளேடுகள் அலறும். ஏறட்டும்! அதுவரை ஏட்டுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வந்ததனால் ஏறிய எண் அது.